பயிற்சியால்தான் வேலை கிடைத்ததா? தொழிற்பயிற்சித் திட்டங்களை மதிப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொழிற்பயிற்சிக்குப் பஞ்சமில்லை. தொழிற் பயிற்சி அதிகார சபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, தொழில்நுட்பக் கல்லூரிகள், தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவை ஒரு பக்கம். சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் வந்த தொண்டு நிறுவனங்கள் மறுபக்கம். தையல் முதல் கணினி வரை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் யாருடைய பிழைப்பு மாறியது என்ற கணக்குத்தான் கிடைப்பதில்லை. பிரதேச செயலக உத்தியோகத்தர்களும் களப்பணியாளர்களும் போதனாசிரியர்களும் விண்ணப்பதாரிகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

எங்கள் பயிற்சியை முடித்தவர்களில் 60 சதவீதம் பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள். இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இன்னும் ஓர் எண் வேண்டும். அதே ஊரில், அதே வயதில், அதே படிப்போடு, பயிற்சி பெறாமல் இருந்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? அதுவும் 60 சதவீதம் என்றால் உங்கள் பயிற்சியால் வேலை பெற்றவர் எவரும் இல்லை. 50 என்றால் பயிற்சியின் பங்கு மீதமுள்ள 10 மட்டுமே. மதிப்பீடு என்பது இந்தக் கழித்தலை நேர்மையாகச் செய்வதுதான். மற்ற நுட்பங்கள் எல்லாம் இதற்குத் துணை.

2004 டிசம்பர் 26க்குப் பின்னர் கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கரையோரம் முழுவதும் வீடு கட்டும் வேலை நிறைந்து கிடந்தது. மேசன் பயிற்சி பெற்ற இளைஞனுக்கும் வேலை கிடைத்தது; மாமனோடு கையுதவிக்குப் போய்த் தொழில் பழகியவனுக்கும் கிடைத்தது. அந்தக் காலத்தில் பயிற்சி முடித்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தவருக்கு எந்த மேசன் பயிற்சியும் அற்புதமாகத்தான் தெரிந்திருக்கும்.

பயிற்சிக்கு முன் வருமானம், பின் வருமானம் இரண்டையும் பதிவு செய்திருக்கிறோம். வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறதே?

தெரியும். ஆனால் ஒருவர் எப்போது பயிற்சிக்கு வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். படகு இயந்திரம் பழுதான பிறகு, தொழிற்சாலையிலிருந்து நிறுத்தப்பட்ட பிறகு, வெள்ளத்தில் வயல் போன பிறகு. வாழ்க்கையின் மிகத் தாழ்ந்த கட்டத்தில் அவரைப் பதிவு செய்கிறீர்கள். அங்கிருந்து அவர் எப்படியும் ஓரளவு எழுந்துதான் இருப்பார். ஓர்லி ஆஷன்பெல்டர் என்ற பொருளியலாளர், 1964இல் அமெரிக்க அரசின் பயிற்சியில் சேர்ந்தவர்களின் வருமானத்தை ஆராய்ந்து 1978இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பயிற்சிக்கு முந்திய ஆண்டில் அவர்களுடைய வருமானம் தனியாகச் சரிந்திருந்ததை அவர் காட்டினார். இன்று அந்தச் சரிவுக்கு அவருடைய பெயரையே வைத்திருக்கிறார்கள். முன்-பின் கணக்கு இயல்பான மீட்சியையும் பயிற்சியின் வரவில் எழுதிவிடுகிறது.

நம் பகுதியில் இதோடு பருவமும் சேர்ந்துகொள்கிறது. வடகீழ்ப் பருவ மழை அடித்துப் பெய்யும் நவம்பரில் விண்ணப்பம் வாங்கி, பெரும்போக அறுவடை நடக்கும் மார்ச்சில் மீண்டும் போய்க் கேட்டால் எல்லோருக்கும் வேலை இருக்கும். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஆட்கள் தேவைப்படுவது ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரை. ஒரே மாதத்தை ஒரே மாதத்தோடு ஒப்பிடுங்கள்; இந்த ஓகஸ்டைச் சென்ற ஓகஸ்டோடு. செலவில்லாமல் செய்யக்கூடிய திருத்தம் இது.

அப்படியானால் யாரோடு ஒப்பிடுவது? பக்கத்து வீட்டுக்காரரோடா?

விண்ணப்பிக்காத பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டால் சிக்கல். விண்ணப்பித்தவருக்கு ஊக்கம் இருக்கிறது, அல்லது தேவை கடுமையாக இருக்கிறது, அல்லது அறிவித்தலை முதலில் கேள்விப்படும் அளவுக்கு ஆட்களைத் தெரிந்திருக்கிறது. இவை எதுவும் படிவத்தில் வராது. ஆனால் மூன்றும் வேலை கிடைப்பதைத் தீர்மானிக்கும்.

இதைத் துலக்கமாகக் காட்டியவர் ரொபர்ட் லாலோண்ட். அமெரிக்காவில் 1970களின் நடுப்பகுதியில் நடந்த ஒரு வேலைப் பயிற்சித் திட்டத்தில், யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்திருந்தார்கள். ஆகவே உண்மையான பலன் தெரிந்திருந்தது. அவர் குலுக்கலில் வெளியே நின்றவர்களை விட்டுவிட்டு, தேசிய ஆய்வுத் தரவுகளிலிருந்து 'ஒத்தவர்களை' எடுத்து, வழக்கமான புள்ளிவிபர முறைகளால் மீண்டும் கணக்கிட்டார். 1986இல் வெளிவந்த அந்த முடிவு பலரை உலுக்கியது. விடைகள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. சில கணக்குகள் பயிற்சி வருமானத்தைக் குறைத்ததாகக்கூடக் காட்டின.

ஆகவே நான் சொல்வது: விண்ணப்பித்தும் இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிடுங்கள். 25 இடத்துக்கு 70 பேர் விண்ணப்பித்தால் மீதி 45 பேரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் உங்கள் கையில் இருக்கின்றன. பெரும்பாலான நிலையங்களில் அந்த விண்ணப்பங்களைக் கட்டி ஓர் அலுமாரியின் மேல் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பயிற்சி முடித்தவர்களின் பட்டியலைவிடப் பெறுமதியானது அந்தக் கட்டு.

இடங்களைக் குலுக்கல் போட்டுக் கொடுப்பது ஏழைகளுக்குச் செய்யும் அநியாயம் இல்லையா?

இடம் எல்லோருக்கும் போதுமென்றால் குலுக்கல் தேவையில்லை. போதாதபோது யாரோ ஒருவர் தெரிவு செய்யத்தான் போகிறார். அந்தத் தெரிவு எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்: முதலில் வந்தவர், தெரிந்தவர், யாரோ கொடுத்தனுப்பிய பட்டியலில் இருந்தவர். முதலில் தகுதியைப் பாருங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பம், மாற்றுத்திறனாளி போன்றவர்களுக்கு இடங்களை ஒதுக்கிவிடுங்கள். மீதி இடங்களுக்கு எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். வெளியே நிற்பவர்களுக்கு அடுத்த பயிற்சித் தொகுதியில் முன்னுரிமை கொடுங்கள். மட்டக்களப்பு, அம்பாறை போன்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழும் இடத்தில், 'அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்' என்ற பேச்சை அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதுவே மிகச் சிறந்த ஒப்பீட்டுக் குழுவையும் தந்துவிடுகிறது.

'வேலையில் இருக்கிறார்' என்று எதை எழுதுவது?

நாட்டின் தொழிற்படை ஆய்வில், கணக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில் ஒரு மணி நேரமாவது ஊதியத்துக்கோ இலாபத்துக்கோ குடும்பத் தொழிலிலோ உழைத்தவர் வேலையில் இருப்பவர். நாட்டு நிலவரம் பார்க்க அது போதும்; உங்கள் திட்டத்துக்குப் போதாது. வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு கூலி, கற்ற தொழிலிலா வேறு தொழிலிலா, எத்தனை மாதமாக என்று நான்கையும் கேளுங்கள். வெல்டிங் படித்துவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவர் வேலையில்தான் இருக்கிறார். அந்த வேலை வெல்டிங் வகுப்பின் வரவு அல்ல.

ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். ஊழியர் 8 சதவீதம், தொழில்தருநர் 12 சதவீதம். அது கட்டப்படும் வேலை வாய்ச்சொல்லில் நிற்காமல் தாளிலும் நிற்கிறது. ஆனால் அது ஒன்றையே அளவுகோலாக்கினால் நம் பகுதியின் மீனவர், மேசன், தையற்காரி எல்லோரும் வேலையற்றவர் ஆகிவிடுவார்கள்.

எப்போது அளக்க வேண்டும்?

ஒரு தடவை போதாது. டேவிட் கார்ட், யோகன் க்ளூவே, அன்ட்ரியா வெபர் ஆகியோர் பல நாடுகளின் 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவு: சராசரியாக, முதல் ஆண்டில் பலன் ஏறத்தாழ இல்லை; இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே அது தெரிகிறது. காரணம் எளிது. வகுப்பில் இருக்கும் ஆறு மாதம் வேலை தேடாத ஆறு மாதம். சான்றிதழ் விழா முடிந்து மூன்றாம் மாதத்தில் அறிக்கை எழுதினால் நல்ல திட்டமும் மோசமாகத் தெரியும். இன்னொரு திட்டம், நிறுவனத்துக்குக் கொடுத்த மானியம் தீரும்வரை ஆட்களை வேலையில் வைத்துக்காட்டி அழகாகத் தெரியும். 6ஆம், 18ஆம், 36ஆம் மாதங்களில் அளக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் 18ஐ விடாதீர்கள்.

தொலைபேசியில் பாதிப் பேர் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

கிடைத்தவர்களை வைத்து முழுத் திட்டத்துக்கும் சதவீதம் போடாதீர்கள். 100 பேரில் 60 பேரைக் கண்டுபிடித்தீர்கள், அதில் 45 பேர் வேலையில் என்றால், 'எழுபத்தைந்து சதவீதம்' என்று எழுதுவது வழக்கம். கிடைக்காத 40 பேரும் வேலையற்றவர் என்றால் அது 45. எல்லோரும் வேலையில் என்றால் 85. உண்மை 45க்கும் 85க்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. அதை அப்படியே எழுதுங்கள். சேரும்போதே தாய், அயலவர் என இரண்டு மூன்று பேரின் இலக்கங்களை வாங்கி வையுங்கள். சிம் மாறினாலும் தாயின் இலக்கம் பெரும்பாலும் மாறாது. என்ன காரணத்துக்காக அழைக்கப்போகிறீர்கள் என்று சொல்லிச் சம்மதமும் பெறுங்கள். தனிநபர் தரவுகளுக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

எங்கள் திட்டத்தில் 40 பேர்தான். இவ்வளவு கணக்கும் தேவையா?

40 பேரை வேறு 40 பேரோடு ஒப்பிட்டு ஒரு பக்கம் 60 சதவீதம், மறுபக்கம் 50 சதவீதம் என்று வந்தால், அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்தை நம்பிக்கையோடு கண்டறிய ஒவ்வொரு குழுவிலும் ஏறத்தாழ 400 பேர் வேண்டும். ஆகவே சிறு திட்டங்கள் தனியாக 'தாக்க மதிப்பீடு' செய்யப் பணத்தைக் கொட்டக் கூடாது. ஒரே படிவத்தைப் பல நிலையங்கள் பயன்படுத்தினால், பல தொகுதிகளைச் சேர்த்துப் பார்க்கலாம். மாவட்டச் செயலகம் அளவில் இதைச் செய்வதற்கு மென்பொருள்கூட வேண்டாம், ஓர் எக்செல் தாள் போதும்.

40 பேரோடு நீங்கள் செய்ய வேண்டியது வேறு: பாதியில் நின்றவர்களை வீடு தேடிப்போய்க் கேட்பது. அங்கேதான் உண்மை கிடைக்கிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பெண்கள் ஏன் பாதியில் நிற்கிறார்கள் என்று வருகைப் பதிவேடு சொல்லாது. மண்டூரிலிருந்து வாவியைக் கடந்து குருமண்வெளிக்குப் 'பாதை' என்னும் மிதவையில் வர வேண்டும். அங்கிருந்து பஸ். வகுப்பு நாலரைக்கு முடிந்தால், பஸ் பிந்தினால், இறங்குதுறையில் இருட்டும்வரை நிற்க வேண்டும். வகுப்பை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினால் தீரும் காரியத்துக்கு 'பெண்களிடம் ஆர்வமின்மை' என்று அறிக்கையில் எழுதியிருப்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது.

மற்ற நாடுகளில் பயிற்சி பலன் கொடுத்திருக்கிறதா, இல்லையா?

கொடுத்திருக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவில் 1987 முதல் 1989 வரை 16 இடங்களில் 20,000க்கு மேற்பட்ட விண்ணப்பதாரிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பெரிய ஆய்வொன்று நடந்தது. வயது வந்த ஆண், பெண் இரு பாலாருக்கும் வருமானம் ஓரளவு கூடியது. பள்ளியை விட்ட இளைஞர்களுக்குப் பலனே தெரியவில்லை. அதன் பிறகு அந்த இளைஞர் பிரிவின் நிதி பெருமளவு வெட்டப்பட்டது. துருக்கியில் அரச வேலைவாய்ப்பு நிறுவனத்தின் பயிற்சிகளை இதே முறையில் ஆராய்ந்தபோது, பலன் பூச்சியத்துக்கு அருகில் நின்றது. அதிகாரிகளும் விண்ணப்பதாரிகளும் பல மடங்கு எதிர்பார்த்திருந்தார்கள். வளர்முக நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த டேவிட் மக்கென்சி 2017இல் எழுதிய கணக்கு: 100 பேருக்குப் பயிற்சி அளித்தால், பயிற்சி இல்லாவிட்டால் கிடைத்திராத வேலையைப் பெறுபவர் இரண்டு அல்லது மூன்று பேர்.

கொலம்பியா விதிவிலக்கு. அங்கு மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம் ஒன்றில் வேலையோடு பயிற்சி. நகரத்து ஏழைப் பெண்களின் வருமானம் ஏறத்தாழ 20 சதவீதம் உயர்ந்தது. வகுப்பறைக்குப் பின்னால் ஒரு தொழில்தருநர் நின்றதுதான் முக்கிய காரணம் என்பது என் எண்ணம். நம் பயிலுநர் பயிற்சி முறைக்கும் அதே அடிப்படை இருக்கிறது. அதற்கு இங்கே கிடைக்கும் மதிப்பு போதாது.

எங்கள் கிராமத்தில் மறுபடியும் தையல் பயிற்சி வருகிறது. ஆதரிக்கலாமா?

முதலில் அந்தக் கிராமத்தில் ஏற்கெனவே எத்தனை தையல் இயந்திரங்கள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். வவுணதீவுப் பக்கம் ஒரு வீட்டில் பார்த்தேன்: திட்டத்தில் கிடைத்த இயந்திரத்தைப் பழைய சேலையால் மூடி, மேலே பிள்ளைகளின் புத்தகப்பைகளை வைத்திருந்தார்கள். அந்த அக்கா ஒரு பிளாஸ்டிக் கோப்பைத் திறந்து காட்டினார். தையல், கேக் அலங்காரம், காளான் வளர்ப்பு, கணினி, கைப்பணி என ஐந்து சான்றிதழ்கள். ஐந்து அறிக்கைகளில் அவர் ஐந்து வெற்றிகளாகப் பதிவாகியிருப்பார். 'தைக்கத் தெரியும் தம்பி, தைக்கக் கொடுக்கத்தான் ஆளில்லை' என்றார்.

ஒரே சந்தையில் இன்னும் பத்துப் பேர் தைக்கத் தொடங்கினால், புதியவருக்குப் போகும் சட்டை பழையவரிடமிருந்து போகிறது. பிரான்சில் படித்த இளைஞர்களுக்கு வேலை தேடித்தரும் திட்டம் ஒன்றை எஸ்தர் டுப்லோ உள்ளிட்ட குழு ஆராய்ந்து 2013இல் வெளியிட்டது. உதவி பெற்றவர்களின் முன்னேற்றத்தில் ஒரு பகுதி, உதவி பெறாத இளைஞர்களின் இழப்பிலிருந்து வந்திருந்தது. வேலை குறைந்த இடங்களில் அது கூடுதலாக இருந்தது. நம் கிராமச் சந்தை அதைவிடச் சிறியது.

இலங்கையிலேயே ஓர் ஆய்வு இருக்கிறது. கொழும்பு, கண்டிப் பகுதிப் பெண்களுக்கு வியாபாரப் பயிற்சியும், சிலருக்குக் கூடவே 15,000 ரூபாய் மானியமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தொழில் நடத்தியவர்களுக்குப் பயிற்சி மட்டும் கொடுத்ததில் இலாபம் உயரவில்லை. மானியமும் சேர்ந்தபோது முதலில் உயர்ந்து, இரண்டாம் ஆண்டில் மங்கியது. புதிதாகத் தொடங்க நினைத்தவர்கள் விரைவாகத் தொடங்கினார்கள். இலாபமும் ஓரளவு கூடியது. ஆகவே கொள்வனவாளர் ஒருவர் கண்முன் இல்லாத தையல் பயிற்சியை நான் ஆதரிக்க மாட்டேன். ஆடைத் தொழிற்சாலையோடு வேலை ஒப்பந்தம் பேசிவிட்டு வரும் பயிற்சி என்றால் நிலைமை வேறு.

தொழிற்சாலை மூடி வேலை இழந்தவர்களுக்கும் இதே கணக்குத்தானா?

அடிப்படை ஒன்றே, ஆட்கள் வேறு. வாழைச்சேனைக் காகித ஆலையையோ, 1990களில் மூடப்பட்டு 2012இல் மீண்டும் இயங்கிய ஹிங்குரானை சீனித் தொழிற்சாலையையோ நினைத்துப் பாருங்கள். அங்கே வேலை இழப்பவர் 45 வயதுக்காரர், கையில் இருபது ஆண்டுத் தொழில். அவரை ஓ/எல் முடித்த பையனோடு ஒரே வாங்கில் உட்கார வைப்பது பலன் தராது. பொறி பராமரித்தவர், கொதிகலன் பார்த்தவர், மின்னிணைப்புச் செய்தவர் என்றால் அவருக்குக் குறைவது திறமை அல்ல, தாள். அனுபவத்தைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது; முழு வகுப்பும் தேவையில்லை. செலவும் குறைவு. முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.

விரைவாக வேலைக்குத் திரும்ப வைப்பதே நோக்கம் என்றால் பயிற்சியல்லாத வழிகளும் உண்டு. 1984இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், வேலையின்மைக் கொடுப்பனவு பெறுகிறவர் 11 வாரத்துக்குள் வேலை தேடி நான்கு மாதம் அதில் நிலைத்தால் 500 டொலர் என்று அறிவித்துப் பார்த்தார்கள். கொடுப்பனவு பெற்ற காலம் சராசரியாக ஒரு வாரத்துக்கு மேல் குறைந்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் பயிற்சி ஒன்றே மருந்து என்று எண்ண வேண்டியதில்லை.

பயிற்சி பெற்றவர் கட்டாருக்குப் போய்விட்டால் வெற்றிக் கணக்கில் சேர்க்கலாமா?

கற்ற தொழிலில், ஒப்பந்தத்தோடு போனால் சேர்க்கலாம், தனி வரியில். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போன தையல் மாணவியைச் சேர்க்க வேண்டாம்.

செலவை எப்படிப் பார்ப்பது?

உதாரணக் கணக்கு ஒன்று. 40 பேருக்கு ஆளுக்கு 75,000 ரூபாய் செலவு. மொத்தம் 30 இலட்சம். 24 பேர் வேலையில். 'ஒரு வேலைக்கு 1,25,000 ரூபாய்' என்று அறிக்கை சொல்லும். ஒப்பீட்டுக் குழுவில் 20 பேருக்கு எப்படியும் வேலை கிடைத்திருந்தால், பயிற்சி உண்டாக்கிய வேலை நான்கு. ஒரு வேலைக்கு ஏழரை இலட்சம். இதோடு பயிற்சிக் காலத்தில் அவர்கள் இழந்த நாட்கூலியையும் சேருங்கள். பயணப்படி கொடுத்தோமே என்பார்கள். கூலி வேலைக்குப் போகிற ஒருவருக்குப் பயணப்படி கூலி ஆகாது.

நான் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். நிலையத்தில் என்ன கேட்க வேண்டும்?

சென்ற தொகுதியில் முடித்த மூன்று பேரின் பெயரைக் கேட்டு, அவர்களோடு பேச அனுமதி வாங்கித் தரச் சொல்லுங்கள். சான்றிதழ் தேசிய தொழிற் தகைமையின் எந்த மட்டத்துக்கு, மூன்றா நான்கா, அல்லது அந்த முறைக்கு வெளியே நிலையமே அச்சடிப்பதா என்று கேளுங்கள். நிலையமும் பாடநெறியும் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகி அங்கீகாரம் பெற்றிருக்கின்றனவா என்று கேளுங்கள். வேலைத்தளப் பயிற்சி எத்தனை மாதம், எந்த நிறுவனத்தில், அந்த நிறுவனம் சென்ற தடவை எத்தனை பேரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டது என்றும் கேளுங்கள். 'நூறு வீதம் வேலை உறுதி' என்று சொல்பவரிடம் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராவிட்டால் பக்கத்து நிலையத்திலும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.